சைலன்சரை வெட்டுமுன் கொம்பிறெசனைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைலன்சர் வெட்டிய மோட்டார் சைக்கிள்களைப் பொலிஸ் பிடித்தது என்ற செய்தி அடிக்கடி வருகிறது, வந்து இரண்டு நாளில் பெடியளைத் திட்டி வாசகர் கடிதமும் வந்துவிடுகிறது. திட்டுவது நியாயம்தான். ஆஸ்பத்திரிப் பக்கத்தாலும், சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஒழுங்கையாலும் அந்தச் சத்தத்தோடு போகிறவனைத் திட்டாமல் என்ன செய்வது. ஆனால் ஏன் வெட்டினாய் என்று அவனையே கேட்டுப் பாருங்கள். "அண்ணை, வண்டி இழுக்குதில்லை, வெட்டினா இழுக்குமாம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவனுக்குத் தேவை இழுவை. அது எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் காதுக்குக் கேட்கிற இடத்தில் கை வைக்கிறான். நான் நெல்லியடிப் பக்கத்தில் கராஜ் வைத்திருப்பவன், படகுக்குப் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின் திருத்திப் பழகி அப்புறம் மோட்டார் சைக்கிளுக்கு வந்தவன். கடிதம் கொஞ்சம் நீளம். ஆனாலும் வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இப்போது எங்கள் பக்கம் நாலு சில்லு மணல் வண்டிகளும் வரத் தொடங்கிவிட்டன. அதிலும் ரூ ஸ்ரோக், ஒயிலையும் பெற்றோலோடு சேர்த்து எரிக்கிற எஞ்சின். யமஹா பிளாஸ்ரர்தான் கண்ணில் படுவது, எங்கேயாவது ஒரு பான்ஷி. பிளாஸ்ரர் 195 சிசி, ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிர்கிற எஞ்சின், 1988 மொடலில் இருந்து 2006 வரை வந்தது. பான்ஷி 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது. இரண்டுமே வீதியில் ஓட்டுவதற்காகச் செய்த வண்டிகள் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். 2020 இல் வாகன இறக்குமதி நின்று சில வருடம் முடங்கியதிலிருந்து பழைய இயந்திரத்தை ஒருவரும் எறிவதில்லை, அதனால் இருபது வருடம், முப்பது வருடம் ஓடின எஞ்சின்கள் கராஜ் வாசலுக்கு வருகின்றன, வந்தவுடனே "அண்ணை, குதிரைவலு கூட்டித் தாங்கோ" என்று கேட்கிறார்கள்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். கம்பனி கொடுத்த வலுவே இப்போது உன் எஞ்சினில் இல்லை, முதலில் அதைத் திருப்பி எடுப்போம். பிளாஸ்ரர் புதிதாக வந்தபோதே இருபது குதிரைவலுவுக்குள்தான், அதில் தேய்ந்தும் ஒழுகியும் அடைத்தும் போனது எவ்வளவு என்று பார்க்காமல் மேலே புதுப் புகைப் பைப் போடுவதும் ஹெட்டை, அதாவது சிலிண்டர் மூடியை, சீவுவதும் காசைக் கரைக்கிற வேலை. பழைய ரூ ஸ்ரோக்கில் தொலைந்துபோன வலு, வாங்கிப் பூட்டக்கூடிய வலுவைவிடக் கூட. இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

கொம்பிறெசனில், அதாவது பிஸ்ரன் சிலிண்டருக்குள் அமுக்குகிற அழுத்தத்தில் இருந்து தொடங்குங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், திறொட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், முள்ளு ஏறாமல் நிற்கும்வரை கிக் அடிக்க வேண்டும். திறொட்டிலை மூடிவைத்து அளந்துவிட்டு "கொம்பிறெசன் போச்சு" என்று சிலிண்டரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கேஜிலும் கவனம், கார்களுக்கான நீள ஹோஸ் கேஜில் நுனியில் வால்வு இல்லாவிட்டால் சின்னச் சிலிண்டருக்குக் குறைத்துத்தான் காட்டும். நல்ல நிலையில் உள்ள பிளாஸ்ரர் என் கேஜில் 120 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும், 100க்குக் கீழே வந்தால் வேறு எதையும் பேசாமல் றிங்கையும் பிஸ்ரனையும் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். சிலிண்டரைப் பெருப்பித்துக் கடைய, அதாவது போர் அடிக்கக் கொடுத்தால் பிஸ்ரனைக் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்ரனுக்கு அளந்து, கையேடு சொல்கிற இடைவெளிக்கு அடிக்கச் சொல்லுங்கள். "66.50 அடிச்சுத் தாங்கோ" என்று இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது. போர் முடிந்து வந்தவுடன் சிலிண்டர் சுவரிலுள்ள வாய்களின், அதாவது போர்ட்டுகளின் விளிம்புகளில் கூர் நிற்கும், அதைச் சன்னமாக மழுக்காமல் பூட்டினால் றிங் அதில் மாட்டி உடையும்.

அடுத்தது காற்று ஒழுக்கு. இதைச் சொல்லத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் மிகவும் குறைவு, செய்யாததால் எரிந்துபோன பிஸ்ரன்கள் மிகவும் கூட. ரூ ஸ்ரோக்கில் பெற்றோலும் காற்றும் முதலில் கிராங்க் இருக்கிற அறைக்குள் போய், அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. அந்த அறையின் சீல், காஸ்கெற், காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள றப்பர், இதில் எது வெடித்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும், கலவை வறண்டுபோகும், வறண்டால் சூடு ஏறும். வண்டிக்காரனுக்குத் தெரிவது என்னவென்றால், ஐடில் தானாக ஏறி இறங்கும், திறொட்டிலை விட்டாலும் எஞ்சின் கத்திக்கொண்டே நிற்கும், நேராக இழுக்கும்போது மட்டும் ஏதோ நல்லாய் ஓடுகிற மாதிரித் தெரியும். அந்த "நல்லாய்" இரண்டு கிழமைதான்.

சோதிப்பதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கத் தேவையில்லை. எக்ஸோஸ்ற் வாயை றப்பர் துண்டும் தகடும் வைத்து இறுக்கி அடையுங்கள். காபரேற்றரைக் கழற்றிவிட்டு அந்த றப்பர் வாய்க்கு ஒரு அடைப்புச் செய்து, அதில் ஒரு ரியூப் வால்வு பூட்டுங்கள். காற்று அடிக்க, ஆளுக்கு இரத்தப் பிறஷர் பார்க்கிற பழைய கருவியின் பம்பும் மீற்றரும் போதும். அந்த மீற்றர் 300 வரை காட்டும், அது 6 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு, எங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். அதற்கு மேலே அடித்தால் நல்ல சீலையும் தள்ளிவிடும், கொம்பிறெசர் ஹோஸைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். 300க்கு ஏற்றிவிட்டு ஆறு நிமிடம் பாருங்கள். முள்ளு அசையாமல் நின்றால் எஞ்சின் இறுக்கம். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐ, அதாவது அந்த மீற்றரில் 50 அளவுக்கு மேல் இறங்கினால் கட்டாயம் தேட வேண்டும். சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசிக்கொண்டே வாருங்கள், நுரை எழும்புகிற இடம்தான் குற்றவாளி. சிலிண்டர் அடிக் காஸ்கெற், காபரேற்றர் றப்பரின் வெடிப்பு, மக்னெற் பக்கத்துக் கிராங்க் சீல், இந்த மூன்றும்தான் வழக்கமாக அகப்படும். கிளச் பக்கத்துச் சீல் போயிருந்தால் வெளியே நுரை தெரியாது, கியர்பெட்டியின் மூச்சுக்குழாய் வாயில் சவர்க்காரத் தண்ணீரை வைத்துப் பாருங்கள், குமிழி வரும். அந்த வண்டிதான் கியர் ஒயிலைக் குடித்து வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு திரியும்.

இதைச் செய்யாமல் ஜெற், அதாவது காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடுகிற துளைத் திருகு, மாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஒழுகுகிற எஞ்சினுக்கு ஜெற் அளவே கிடையாது. இன்றைக்குச் சரிவந்தது நாளைக்குச் சூட்டில் மாறும்.

அப்புறம் றீட் வால்வு, கலவையை உள்ளே விட்டுத் திரும்பிப் போகவிடாத இதழ். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இதழுக்கும் கூட்டுக்கும் நடுவில் வெளிச்சக் கோடு தெரிந்தால், விளிம்பு நாரடித்திருந்தால், நுனியில் சின்ன வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். இரும்பு இதழ் உடைந்தால் துண்டு நேரே உள்ளுக்குத்தான் போகும். பைபர் இதழோ காபன் இதழோ போட்டால் கீழ்ப்பகுதியில் எழும்புகிற வேகம் உடனே தெரியும். செலவுக்கு இவ்வளவு பலன் தருகிற சாமான் இந்த எஞ்சினில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

யமஹாவின் இந்த வண்டிகளில் இன்னொரு விசயம் இருக்கிறது, தெரியாதவன் எஞ்சினையே கழற்றிவிடுவான். திறொட்டில் கேபிள் இறுகிப்போனால் எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைக்கும்படி காபரேற்றரிலும் கைப்பிடியிலும் சுவிட்ச் வைத்து ஒரு பாதுகாப்பு ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அந்தச் சுவிட்ச் உப்புக்காற்றில் பழுதானால், அல்லது கேபிள் தளர்வு பிழையாக இருந்தால், எஞ்சின் பாதி வேகத்தில் விக்கி விக்கி நிற்கும். பார்க்கிங் பிறேக்கின் சுவிட்சும் அப்படித்தான், பிறேக் போட்டிருக்கிறது என்று நினைத்து வேகத்தை மட்டுப்படுத்தும். மணற்காட்டிலும் மயிலிட்டியிலும் கடலோரமாக ஓடுகிற வண்டிக்கு இந்த வயர்முனைகள் பச்சை பிடிப்பது சாதாரணம். ஜெற் மாற்றி, பிளக் மாற்றி, காபரேற்றரையே மாற்றிய பிறகு கடைசியில் வயர்முனையைத் தீட்டியவுடன் பறந்த வண்டிகள் உண்டு.

எக்ஸோஸ்ற் போர்ட்டில் கரி பிடித்திருக்கும், பிஸ்ரனைக் கீழே இறக்கிவிட்டு மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், ஸ்குறூ டிறைவரால் கிழிக்காதீர்கள். சைலன்சருக்குள்ளும் அப்படியே. வெட்டுகிற பெடியன் தேடுகிற "அடைப்பு" உண்மையில் இந்தக் கரிதான். அதைத் துப்புரவாக்கினாலே பாதி திறந்துவிடும்.

பில்டர் பற்றிப் பேசாமல் போகமுடியாது. சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் பக்கம் மண் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மணற்காட்டு மணல் அதைவிட மோசம், விரலுக்குள் பிடிபடாத நொய் மணல். நாலு ஸ்ரோக் எஞ்சினில் மண் போனால் சிலிண்டரும் றிங்கும் வால்வும் தேயும். இதில் கிராங்க் அறை வழியாகவே காற்று போவதால் சிலிண்டரோடு கிராங்க் பெயாரிங்கும் கொனறொட் பெயாரிங்கும் சேர்ந்து போகும். வெளிநாட்டுக் காணொளிகளில் பில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி எறிந்தால் வலு கூடும் என்று காட்டுகிறார்கள், கூடும்தான், பொய்யில்லை. ஆனால் இங்கே மூடியோடு ஓடுங்கள். ஸ்பொஞ்ச் பில்டரைக் கழுவிக் காயவைத்து, பில்டர் ஒயில் ஊற்றிப் பிசைந்து, பெட்டியின் விளிம்பில் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். காய்ந்த ஸ்பொஞ்ச் மணலைத் தடுக்காது.

இவ்வளவும் முடிந்த எஞ்சினை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும். தீராதவர்களுக்குத்தான் இனிச் சொல்லப்போவது.

ஜெற் விசயத்தில் வெளிநாட்டான் சொன்ன இலக்கத்தை அப்படியே போட வேண்டாம். காணொளி எடுத்தவன் எந்த உயரத்தில் நிற்கிறான் என்று பாருங்கள். அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல் மட்டத்தில் இருந்து 1600 மீற்றர் உயரம். எங்கள் நாட்டிலேயே நுவரெலியா 1868 மீற்றர், அங்கே காற்றின் அடர்த்தி யாழ்ப்பாணத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் பெற்றோலும் குறைய வேண்டும், அதனால் அங்கே சின்ன ஜெற் போடுவார்கள். அங்கே நன்றாக ஓடிய வண்டியை வாங்கி லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே கடல் மட்டத்தில் முழுத் திறொட்டில் பிடித்தால் பிஸ்ரன் பிடிக்கும். அதே நேரம் எங்கள் வெயிலுக்குக் குளிர் நாட்டுக் கடற்கரைக்காரன் போடுகிற பெரிய ஜெற்றும் தேவைப்படாது, போட்டால் விக்கும். ஆகவே எங்கள் ஜெற்றை இங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும், அதைப் பெரிதில் இருந்து சின்னதுக்கு இறங்கித்தான் தேட வேண்டும். சின்னதில் இருந்து ஏறத் தொடங்கினால் விடை கிடைக்குமுன் பிஸ்ரன் போய்விடும்.

திறொட்டிலின் கால்வாசி வரை பைலட் ஜெற்றின் ஆட்சி, அங்கிருந்து முக்கால்வாசி வரை ஊசி, அதற்கு மேலேதான் மெயின் ஜெற். நடுவில் விக்குகிற வண்டிக்கு மெயின் ஜெற்றை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். மெயின் ஜெற் சரியா என்று பார்க்கப் புதுப் பிளக் போட்டு, நீளமான ஒரு வெளியில் கடைசிக் கியரில் முழுத் திறொட்டிலில் கொஞ்சத் தூரம் இழுத்து, அப்படியே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்துங்கள், ஐடிலுக்கு விடாதீர்கள். பிளக்கைக் கழற்றினால் உள்ளே பீங்கானின் அடிப்பக்கம் பிளேன்ரீ நிறத்தில் ஒரு வளையம் காட்ட வேண்டும். வெள்ளையாய் இருந்தால் ஆபத்து, கறுத்து நனைந்திருந்தால் பெற்றோல் கூட. பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரிச் சின்னப் புள்ளிகளோ மினுங்குகிற மணிகளோ இருந்தால் கலவை உள்ளே தாறுமாறாக வெடித்துத் தட்டுகிறது என்று அர்த்தம், அன்றைக்கு ஓட்டத்தை அதோடு நிறுத்துங்கள்.

அந்தத் தட்டுதலுக்கும் பெற்றோலுக்கும் தொடர்பு இருக்கிறது, இதில் எங்கள் பெடியள் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். அமெரிக்கக் காணொளியில் "91 ஒக்ரேன் போட்டால் போதும்" என்பான், ஒக்ரேன் என்பது பெற்றோல் தட்டாமல் தாங்குகிற அளவு. எங்கள் பெற்றோல் செற்றில் 92 இருக்கிறதே, அதைவிட நல்லது என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. அமெரிக்காவில் பம்பில் எழுதியிருப்பது இரண்டு விதமான சோதனைகளின் சராசரி, எங்கள் நாட்டில் எழுதியிருப்பது அதில் கூடுதலாகக் காட்டுகிற ஒரு சோதனையின் இலக்கம் மட்டும். அவர்களின் 87 தான் எங்கள் 92க்குக் கிட்ட, அவர்களின் 91 எங்கள் 95க்கும் சற்று மேலே. ஆகவே அவன் 91இல் ஓட்டுகிற ஹெட்டை நீங்கள் எங்கள் 92இல் ஓட்டினால் தட்டும். ஹெட் சீவியவர்கள், பிளக் பொறி விழுகிற நேரத்தை, அதாவது ரைமிங்கை முன்னுக்குத் தள்ளியவர்கள் 95 அடிக்க வேண்டும், வேறு பேச்சில்லை. என்னைக் கேட்டால் 92இல் ஓடுகிற காற்றுக் குளிர் எஞ்சினுக்கு 150 பிஎஸ்ஐக்கு மேல் கொம்பிறெசன் ஏற்றமாட்டேன்.

போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடியது, நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி எண்ணெய்க்கு மாற்றி ஓட்டின கைகள் இன்னும் இருக்கின்றன, அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் இந்த வண்டிகளுக்குள் மண்ணெண்ணெய் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடலில் ஓடுகிற மண்ணெண்ணெய் எஞ்சின்கள் அதற்கென்றே கொம்பிறெசன் குறைத்துச் செய்தவை. பிளாஸ்ரரில் ஊற்றினால் ஒக்ரேன் விழும், தட்டும், பிஸ்ரன் தலையில் ஓட்டை விழும்.

ஹெட்டைச் சீவுவதானால் அதற்கு முன் ஸ்குவிஷ் இடைவெளியை, அதாவது பிஸ்ரன் மேலே வந்து நிற்கும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஈயக் கம்பியைப் பிளக் துவாரத்தால் சிலிண்டர் சுவர் வரை விட்டு, கிராங்கைக் கையால் ஒருதரம் சுற்றி, நசுங்கின நுனியை வேணியரால் அளந்தால் சரி. பிஸ்ரனைக் கொனறொட்டோடு பூட்டுகிற பின் (pin) இருக்கிற திசைக்கு நேரே இரண்டு பக்கமும் அளக்க வேண்டும், குறுக்கே அளந்தால் பிஸ்ரன் ஆடிப் பிழையான அளவு வரும். ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலே நின்றால் இந்த அளவு எஞ்சினுக்குப் போதும், அதைவிடக் குறைக்கப் போகவேண்டாம்.

இனிப் பைப். வெட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ரூ ஸ்ரோக்கின் வயிறு வீங்கின பைப் புகை போகிற குழாய் மட்டும் இல்லை, அது எஞ்சினின் ஒரு பாகம். எக்ஸோஸ்ற் திறந்தவுடன் ஓடுகிற அழுத்த அலை, பைப் விரிகிற இடத்தில் உறிஞ்சலாகத் திரும்பிவந்து புதுக் கலவையை மேலே இழுக்கும். பின்னால் பைப் ஒடுங்குகிற இடத்தில் மோதித் திரும்புகிற அலை, வெளியே தப்பப் பார்க்கிற கலவையைப் போர்ட் மூடுமுன் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கிழக்கு ஜேர்மனியில் எம்சற் (MZ) மோட்டார் சைக்கிள் கம்பனியில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர் 1950களில் இருந்து இந்த அலையைப் பிடித்து வேலைசெய்து, 1961 இல் 125 சிசி எஞ்சினில் 25 குதிரைவலு எடுத்துக் காட்டினார். அதே வருடம் அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் சுவீடனில் நடந்த போட்டியோடு மேற்குப் பக்கம் தப்பிப்போய் சுசுகியில் சேர்ந்தார், அடுத்த வருடமே சுசுகி 50 சிசி உலகப் பட்டம் எடுத்தது. பைப்பின் நீளமும் கூம்பின் சாய்வும் அவ்வளவு பெறுமதியான இரகசியமாக இருந்தது. அப்படிப்பட்ட பைப்பைத்தான் எங்கள் பெடியள் கிறைண்டரால் வெட்டுகிறார்கள். வெட்டியவுடன் திரும்பிவருகிற அலை கலைந்துபோகும், கலவை வெளியே கொட்டும், அந்தப் பெற்றோல் காசுதான் சத்தமாகக் கேட்கிறது. கீழே இழுவையும் போகும், மேலே வேகமும் போகும்.

வலு வேண்டுமென்றால் அந்த எஞ்சினுக்கென்று கணக்குப் பார்த்துச் செய்த பைப்பை வாங்கிப் போடுங்கள், கூடவே மெயின் ஜெற்றை ஏற்றுங்கள், இரண்டும் ஒன்றாகத்தான் போக வேண்டும். சைலன்சருக்குள் இருக்கிற பஞ்சு கருகிப்போயிருந்தால் புதுசு அடையுங்கள். சத்தம் குறையும், வலு குறையாது. பைப்பிலும் இரண்டு வகை உண்டு, கடற்கரை மணலில் ஓடுகிறவருக்கு நடுப்பகுதியில் இழுக்கிற பைப்தான் பிரயோசனம். உச்ச வேகத்தில் மட்டும் எழும்புகிற பைப்பைப் போட்டால் மணலில் புதைந்து நிற்கும்போது அது எழும்பவே எழும்பாது.

மணலில் இழுக்க வேண்டும் என்பதுதான் கவலை என்றால், செயின் ஓடுகிற முன் பற்சில்லை, அதாவது ஸ்பிறொக்கெற்றை முதலில் மாற்றிப் பாருங்கள். 13 பல்லுக்குப் பதில் 12 போட்டால் சில்லுக்குப் போகிற இழுவை 8 சதவீதம் கூடும், எஞ்சினைத் தொடவே தேவையில்லை, கடைசி வேகம் அதே அளவு குறையும், மணலில் கடைசி வேகம் யாருக்கு வேண்டும். கம்பனி அளவைவிடப் பெரிய ரயர் போட்டுவிட்டு இழுக்குதில்லை என்று வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். பின் பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

ரைமிங்கை முன்னுக்குத் தள்ளுவது இரண்டு மூன்று பாகைக்குள் நிற்கட்டும். போர்ட்டை உயர்த்துகிற வேலையைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. பாகை அளக்கிற வட்டும், பைப்புக்குப் பொருந்துகிற கணக்கும் இல்லாமல் டிறில் மெசினில் கல்லைப் பூட்டிச் சிலிண்டருக்குள் விடுகிறவர்களிடம் உங்கள் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். சீவின இரும்பை ஒட்ட முடியாது, யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதி முழுக்கத் தேடினாலும் இந்த வண்டிக்கு இன்னொரு சிலிண்டர் கிடைப்பது லேசில்லை.

ஒயிலில் ஒரு தவறு கரையோரம் எங்கும் நடக்கிறது. குருநகரிலும் பருத்தித்துறையிலும் வெளியிணைப்பு எஞ்சினுக்கு விற்கிற ஒயில் ரிசி-டபிள்யூ3 தரம், அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்கானது. வீட்டில் இருக்கிறதே என்று அதைப் பிளாஸ்ரருக்கு ஊற்றுகிறார்கள். காற்றால் குளிர்கிற எஞ்சினின் சூடு அதைவிடக் கூட, போத்தலில் ஜாசோ எப்சி அல்லது எப்டி என்று இருக்கிறதைப் பார்த்து வாங்குங்கள். தானாக ஒயில் கலக்கிற பம்ப் கழற்றிய வண்டி என்றால் பெற்றோல் 32க்கு ஒயில் 1, அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 156 மில்லிலீற்றர், அளவுக் கோப்பையால் அளந்து. பயத்தில் கூட ஊற்றுவதும் நல்லதில்லை, ஒயில் கூடினால் அந்த அளவு பெற்றோல் குறைகிறது, கலவை வறளும். பம்ப் ஒழுங்காக வேலைசெய்கிற வண்டியில் பம்பைக் கழற்றாதீர்கள், கேபிளின் குறிகள் நேரே நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

பிஸ்ரன் பிடித்துவிட்டது என்றால் உடனே புதுசு போட்டு ஓட்டாதீர்கள், பழையதைக் கையில் எடுத்து வாசியுங்கள். எக்ஸோஸ்ற் பக்கம் மட்டும் உரசியிருந்தால் வறண்ட கலவை அல்லது காற்று ஒழுக்கு. நாலு மூலையிலும் நாலு கோடு விழுந்திருந்தால் சூடாக்காமல் இழுத்திருக்கிறீர்கள், அல்லது போர் இறுக்கம். காபரேற்றர் பக்கத்துப் பாவாடை, அதாவது பிஸ்ரனின் கீழ்ப்பாகம், மங்கித் தேய்ந்திருந்தால் மணல், பில்டரைப் பாருங்கள். தலையின் விளிம்பு ஊசியால் குத்தின மாதிரிப் பொத்தல் பொத்தலாய் இருந்தால் தட்டுதல், பெற்றோலையும் ரைமிங்கையும் பாருங்கள். காரணத்தைத் திருத்தாமல் பூட்டின புதுப் பிஸ்ரன் அதே இடத்தில் அதே மாதிரிப் பிடிக்கும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு பேரிடம் ஒன்று கேட்க வேண்டும். உதிரிப்பாகம் விற்கிறவர்கள் இலக்கம் அடித்த காபரேற்றர் செய்கிற மிக்குனி கம்பனியின் உண்மையான ஜெற்றுகளை வரிசையாகக் கொண்டுவந்து வையுங்கள். இலக்கமில்லாத ஜெற்றும், ஊசியால் துளையைப் பெருப்பித்த ஜெற்றும் எத்தனையோ எஞ்சின்களைத் தின்றுவிட்டன, ஒரு ஜெற்றின் விலை ஒரு பிஸ்ரனின் விலைக்குக் கிட்டவும் வராது. மற்றது யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும். மின்சார வண்டிக் காலத்தில் ரூ ஸ்ரோக் எதற்கு என்று கேட்பீர்கள். வடக்கின் கரை முழுக்க மீன்பிடிப் படகில் இன்றைக்கும் ஓடுவது அதுதான், கடலில் ஓடினாலும் மணலில் ஓடினாலும் காற்று ஒழுக்குச் சோதனை ஒன்றுதான். பயிற்சிக் கூடத்தில் ஒரு பழைய எஞ்சினை மேசையில் வைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் கையால் காற்று அடித்து அந்த ஆறு நிமிடத்தைப் பார்க்கும்படி செய்யுங்கள். கற்பிக்க ஆள் இல்லை என்றால் சனிக்கிழமைகளில் நான் வரத் தயார், சம்பளம் வேண்டாம், அடைப்புத் தகடுகளும் மீற்றரும் என்னிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
கராஜ்காரர் ஒருவர்,
நெல்லியடி.